பொடிப்பாசியின் சொந்தபந்தங்கள்

ஆடி பிறந்து நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்து பஸ்ஸில், தவளைமட்டம் பஸ் ஸ்டாப் சுவரில் குடியிருந்த பொடிப்பாசியைப் பார்க்க அதன் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். முதல் நாள் இரண்டே பேர்தான். பின்படியில் ஒட்டிக்கொண்டு வந்த அந்த இரண்டு பச்சைத் திட்டுகளும் வண்டி நின்றதும் மெல்ல நழுவி இறங்கி, மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த தார் ரோட்டை நிழல் நகர்கிற வேகத்தில் கடந்து, செருப்புக் கால்களுக்கும் ஆட்டுக் கால்களுக்கும் தப்பி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் சுவரில் ஏறி, பொடிப்பாசிக்கு இரண்டு சாண் தள்ளி மரியாதையாக உட்கார்ந்துகொண்டன. கண்டக்டர் காதர் அவர்களைப் பின்படியிலேயே பார்த்துவிட்டவர்தான். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவான உயரத்தில் இருப்பவர்களுக்கு டிக்கெட் கிழிக்கச் சொல்லி இதுவரை எந்த உத்தரவும் வரவில்லை என்று சொல்லிவிட்டு அவர் விசில் ஊதினார்.

தவளைமட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். வருஷத்தில் ஏழு மாதம் மழை பெய்யும், மீதி ஐந்து மாதம் மழை வரும்போல இருக்கும். அங்கே துவைத்த துணி காயாது, தீக்குச்சி பற்றாது, சண்டை போட்டால் ஆறாது. கோயில் மணியின் நாக்கிலும் சர்ச் ஏணியிலும் மூன்று நாள் ஓட்டாத பைக்கின் சீட்டிலும் பாசி படரும் என்பதால் பாசியைப் பார்த்து யாரும் அங்கே வாய் பிளந்ததில்லை. பொடிப்பாசி மட்டும் கொஞ்சம் பெயர் வாங்கியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பேராசிரியை அந்தச் சுவர் முன்னால் முழங்கால் போட்டு, கண்ணில் லென்ஸை வைத்து, எட்டு பத்து பஸ்ஸையும் விட்டு பதினொன்றரை பஸ்ஸையும் விட்டு, நகக்கண் அழுக்கு அளவுகூட இல்லாத அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பேச்சிமுத்துவிடம், இது முழுக்கப் பெண் செடி, இதற்கான ஆண் செடியை இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, அதனால் இது காய்த்ததே கிடையாது, பாவம், ஒட்டி ஒட்டிப் பரவியே காலம் தள்ளுகிறது என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்ட்ராங் டீ குடித்துப் போனாள். அன்றிலிருந்து வெற்றிலை போடுகிறவர்கள் ஆறடி தள்ளிப் போய்த் துப்பினார்கள். கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டுச் சுவரில் யாராவது துப்புவார்களா?

புதன்கிழமை ஏழு பேர் வந்தார்கள், வியாழக்கிழமை பதினெட்டு. வெள்ளிக்கிழமை ஊரில் யாருக்கும் எண்ண முடியாமல் போகவே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டு விட்டார்கள். ஊரில் மைக்ராஸ்கோப் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். இருபத்திரண்டு வருஷமாகத் தவளைமட்டத்து ரத்தத்தையும் சளியையும் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்துப் பார்த்து, எதிரே வருகிறவனின் முகத்தை விட அவனுடைய வெள்ளையணுக்களை நன்றாக அடையாளம் தெரிந்தவள். வேலையில் ஒரு புள்ளி பிசக மாட்டாள், வீட்டில் ஒரு சொல் இறங்க மாட்டாள். அவள் புருஷன் பால்ராஜ் மெயின் ரோட்டில் வர்க்கி சுடுகிற பேக்கரி வைத்திருந்தான். அவளோடு குடும்பம் நடத்தி நடத்தி அவன் அளவாகப் பேசப் பழகியிருந்தான்.

அரசி ஒவ்வொரு திட்டிலிருந்தும் ஒரே ஓர் இழையை இடுக்கியில் எடுத்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எல்லாம் ஒரே சாடை. கிளிச் சிறகு மாதிரி இரண்டு பக்கமும் வரிசையாக இலை, இலைக்குள் சின்னதாக மடித்துத் தைத்த பை. வித்தியாசமெல்லாம் கரையில்தான் இருந்தது. சிலருடைய இலைக்கு முழுக்க வெள்ளைக் கரை, சிலருக்குக் கரையே இல்லை, சிலருக்கு முந்தானை நுனியில் மட்டும் பல் பல்லாக வேலைப்பாடு. சேலைக் கரையை வைத்தே யார் எந்த வீட்டுப் பெண் என்று சொல்லிவிடுகிற ஊர்க்காரிக்கு இது ஒரு பெரிய காரியமா? ஓடைக் கல்லில் இருப்பவர்கள் ஒரு கிளை, புற்று மண்ணில் இருப்பவர்கள் ஒரு கிளை, மரத்தின் தூரில் இருப்பவர்கள் ஒரு கிளை என்று அவள் பழைய மலேரியா ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் வம்சாவளி எழுதி டீக்கடையில் ஒட்டிவிட்டாள்.

"அப்ப இது விசேஷம்தான்" என்றார் பேச்சிமுத்து. "சும்மா பாக்க வந்தவங்கன்னா ரெண்டு நாள்ல கெளம்பியிருப்பாங்க. இவங்க பாரு, ரெண்டு பக்கமும் வரிசையா உக்காந்து நடுவுல மணவறைக்கு எடம் விட்டிருக்காங்க."

"ஆடியில எந்தக் கூறு கெட்டவன் கல்யாணம் வைப்பான்?" என்று கேட்டாள் வார்டு மெம்பர் ரோஸ்லின்.

அதற்கு அரசிதான் பதில் சொன்னாள். பாசிக்கு மழைக்காலம்தான் முகூர்த்தம். மாப்பிள்ளையின் விந்து மழைத் தண்ணீரில் நீந்திப் பெண்ணிடம் வந்து சேர வேண்டும், தண்ணீர் அறுந்துபோனால் கல்யாணமும் அறுந்துபோகும். அவள் மலேரியாக் கொசுவைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் இதைச் சொன்னதால் ஒருவருக்கும் வெட்கம் வரவில்லை. ரோஸ்லின் அன்றைக்கே பஞ்சாயத்து போர்டை வைத்து, இங்கே கல்யாண வீடு, சுவரில் சாயாதீர் என்று எழுதி மாட்டினாள். மேளக்காரர்கள் இரண்டு பேர் வந்து, தாங்கள் வாசித்தால் அதிர்வில் பிய்ந்து விழுந்துவிடுவார்களோ என்று பயந்து, சுவருக்குப் பக்கத்தில் வாயாலேயே மெதுவாக வாசித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். பேச்சிமுத்து கொதிநீரை அந்தப் பக்கம் ஊற்றுவதை நிறுத்தினார். ஆனாலும் ஒருநாள் கை தவறி ஒரு வாய்த் தண்ணீர் தெறித்துவிட, புற்றுமண் கிளையைச் சேர்ந்த ஒரு திட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறப் போக, ஊரே சேர்ந்து ஆற்றுத் தண்ணீர் தெளித்துச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. கல்யாண வீடு என்றால் ஒருவராவது கோபித்துக்கொள்ளத்தான் வேண்டும், அப்போதுதான் களை கட்டும்.

எல்லாம் சரி, மாப்பிள்ளை எங்கே? நாலு திசையிலிருந்தும் வருகிற பஸ்களில் சித்தி, சின்னாயி, ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது எல்லாம் வந்தாயிற்று. மாப்பிள்ளையை மட்டும் காணோம். பத்து நாள் பொறுத்துப் பார்த்த ஊர் பதினோராவது நாள் அவசரப்பட்டுவிட்டது. சர்ச் பின்சுவரில் அச்சாக அதே சாடையில் ஒரு பாசி இருப்பதைப் பார்த்த ரோஸ்லின், இவன்தான் என்று முடிவு கட்டி, கொத்தனாரை விட்டுக் காரையோடு பெயர்த்து, தட்டில் வைத்து, குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நடு இடத்தில் உட்கார வைத்தாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் பழுப்பேறிச் சுருண்டுவிட்டது. அரசி ஓடி வந்து ஓர் இழையை எடுத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது பங்காளி! கரையப் பாருங்க, ஒரே கரை. கூடப் பொறந்தவனக் கொண்டாந்து மணவறையில உக்கார வெச்சிருக்கீங்க."

ரோஸ்லின் நாக்கைக் கடித்துக்கொண்டு, தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவனை எடுத்துப் பெண்ணுக்கு அண்ணன் உட்கார வேண்டிய இடத்தில் வைத்தாள். சொந்தமெல்லாம் மறுபடி பச்சையானது. அன்றைக்கு ஊருக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. சொந்தக்காரரைச் சுரண்டிக் கொண்டு வரக்கூடாது. எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் போய்க் கூப்பிட வேண்டும், அவராக வர வேண்டும்.

எங்கே இருக்கிறார் என்பதை காதர்தான் யோசித்துச் சொன்னார். "எல்லா ரூட்லயும் ஆள் வந்தாச்சு. மேல்டிவிஷன் பஸ்ல மட்டும் ஒரு பாசிகூட ஏறல. அங்க யாரோ கோவத்துல இருக்காங்க."

மேல்டிவிஷன் என்ற பேரைக் கேட்டதும் அரசி எழுந்து லேபுக்குப் போய்விட்டாள்.

மலை மேலே இருக்கிற தேயிலைத் தோட்டக் குடியிருப்பான மேல்டிவிஷனில் அவளுடைய அண்ணன் தனுஷ்கோடி இருந்தான். ஆறு கிலோமீட்டர் தூரம், பஸ்ஸில் இருபது நிமிஷம். ஐந்து வருஷமாக இரண்டு பேரும் பேசுவதில்லை. அரசி புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, அண்ணன் வீட்டுக்கு முதல் பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுக்காமல், மேலே போகிற தேயிலை ஜீப்பின் டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவன் அதே ஜீப்பில், மஞ்சள் தடவிய மூலை கலையாமல், அதைத் திருப்பி அனுப்பிவிட்டான். அந்த வாரம் ஊரெல்லாம் காய்ச்சல், நான் ஒருத்தியாக நூற்றியெட்டு ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன், கூடப்பிறந்தவனுக்கு அது புரிய வேண்டாமா என்று அரசி கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். பேச்சு அங்கேயே நின்றுபோனது. இப்போது அவளுடைய ஒரே மகள் கீர்த்தனாவுக்கு ஆவணி பன்னிரண்டில் கல்யாணம். பெண்ணை மணவறைக்குக் கைபிடித்துக் கூட்டி வர வேண்டியவன் தாய்மாமன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் கீர்த்தனா போன் செய்யும்போதெல்லாம், "அம்மா, மாமா வரலேன்னா நான் யார் கையப் புடிச்சுட்டு வர்றது? நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க, நடுவுல என் கை என்ன பண்ணுச்சு?" என்று கேட்பாள். அரசி அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் பத்திரிகை அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஜீப்புக்கு அது ஒரு படி மேல் என்பது அவள் எண்ணம்.

அவள் போகாவிட்டால் ஊர் விட்டுவிடுமா? மேல்டிவிஷன் தபால்காரர் ஒரே நாளில் நாற்பத்தோரு வீட்டுச் சுவர், தொட்டி, படிக்கட்டிலிருந்து ஒவ்வோர் இழை எடுத்து, சளிப் பரிசோதனை டப்பாக்களில் போட்டு, வீட்டுப் பெயர் எழுதி ஒட்டி, லேப் ஜன்னலில் வரிசையாக அடுக்கிவிட்டார். அரசி வேண்டாவெறுப்பாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முப்பத்தாறு டப்பாவில் ஒன்றுமில்லை. முப்பத்தேழாவதில், கரையில்லாத இலைகளுக்கு நடுவே, ஆண் செடிக்கே உரிய குட்டி மொட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, எள்ளில் பாதிகூட இல்லாத உயரத்தில், மாப்பிள்ளை நின்றான். அவள் கண்ணை எடுத்துவிட்டு டப்பாவின் மேல் சீட்டைப் படித்தாள். 'தனுஷ்கோடி, பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி' என்று எழுதியிருந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஊரே சேர்ந்து தன்னை வைத்து நாடகம் போடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, தபால்காரரைக் கூப்பிட்டு அதட்டி, பேர் மாற்றி ஒட்டினாயா என்று கேட்டு, மறுபடி எடுத்து வரச் சொல்லி, மறுபடி பார்த்தாள். அதே மாப்பிள்ளை, அதே மொட்டு. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மைக்ராஸ்கோப் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. அதற்காக அதை அவள் அன்றைக்குக் கொஞ்சம் வெறுத்தாள்.

"வேற யாராச்சும் போங்க" என்றாள் ஊரிடம்.

"பாசிக்கு இந்த ஊர்ல சொந்தம் சொல்ல வேற யாரு இருக்கா? வம்சம் எழுதுனது நீ. பொண்ணு வீட்டுக்காரி நீதான்" என்றாள் ரோஸ்லின். பேச்சிமுத்து ஒரு படி மேலே போய், தனுஷ்கோடியை சம்பந்தி என்றே குறிப்பிட ஆரம்பித்தார். அரசி வேலை விட்டு வந்ததும் வர்க்கி வாங்க வருகிறவர்களிடம்கூடப் பேசாமல் ஒன்பது நாளும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்தாம் நாள் வெயில் வந்தது. ஆடி கடைசியில் மலையில் அப்படித்தான், மழை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூட்டை கட்டும். மதியத்துக்குள் சுவரில் இருந்த சொந்தமெல்லாம் வெளிறி இலையைச் சுருட்டத் தொடங்கியது. தூரத்துச் சொந்தம் நாலைந்து பேர் ரோட்டோரம் இறங்கி பஸ்ஸுக்கு நின்றார்கள். நடுவில் பொடிப்பாசி மட்டும் தன் இடத்தில் அசையாமல் இருந்தது. அரசி வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்து நின்றாள். இத்தனை பேரும் எங்கெங்கிருந்தோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ஒருத்தன் வராததால் இது இப்படி உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்தாள். நினைத்ததும் ஆவணி பன்னிரண்டாம் தேதி மண்டபத்தில், நகை போட்டு, பட்டுக் கட்டி, கையை நீட்டிக்கொண்டு நிற்கிற மகளின் முகம் கண் முன்னால் வந்தது. வீட்டுக்குப் போய், "நாளைக்குப் பேக்கரிய மூடுங்க. மேல்டிவிஷன் போறோம்" என்றாள். பால்ராஜ் ஐந்து வருஷமாக இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை எடுத்து மாட்டினான்.

மறுநாள் காலை மலை மேல் மட்டும் ஒரு கடைசி மழை பிடித்துக்கொண்டது. மேல்டிவிஷனில் பஸ் இறங்கி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், கற்கண்டு வைத்து, அதன் மேல் வாழையிலை மூடி, புருஷன் குடை பிடிக்க அரசி அண்ணன் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். தனுஷ்கோடி கூரைக்குக் கீழே முக்காலி போட்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. அவளுக்கு அது தெரியாது.

"வாங்க மாப்ள" என்றான் பால்ராஜிடம். தங்கையைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து மதினி சரஸ்வதி மட்டும் ஈரக் கையோடு வந்து, "வா அரசி" என்று சொல்லிவிட்டு, புருஷன் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

அரசிக்கு நாக்கு வழக்கம்போல முந்திக்கொண்டது. "பாசியக் கூப்பிட வந்தேன்" என்றாள்.

கத்தி நிற்கவில்லை. "பின்னாடி தொட்டியில இருக்கு. கூப்பிட்டுட்டுப் போ."

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். சிமெண்டுத் தொட்டியின் வடக்கு முகத்தில், குழாய் சொட்டுகிற இடத்துக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் செழிப்பாக இருந்தார்கள். அவள் மண்டி போட்டு, விரலில் குங்குமம் தொட்டு, தொட்டி ஓரத்தில் வைத்து, முறையாகச் சொன்னாள்: "பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். நீங்க எல்லாரும் வந்து, கூட நின்னு நடத்திக் குடுக்கணும்."

பாசி அசையவில்லை. அதற்கு மேலும் ஒன்று செய்தது. கொட்டுகிற மழையில், குழாய்த் தண்ணீர் மேலேயே விழுந்துகொண்டிருக்க, இலையை ஒவ்வொன்றாக உள்ளே மடித்து, சித்திரை வெயிலில் கிடந்தது போல மொறுமொறுவென்று காய்ந்துபோனது. அரசி பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீரில் நனைந்துகொண்டே காய முடிகிற ஒரே ஓர் ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். அந்த ஆள் இப்போது முன்பக்கம் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அவள் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று பால்ராஜைக் கேட்டால் சொல்லியிருப்பான், ஆனால் அவன் கேட்காமல் சொல்கிறவன் இல்லை.

சமையலறை ஜன்னலிலிருந்து மதினியின் குரல் வந்தது. "எங்க வீட்டுல இருக்கிற புள்ளைங்கள எங்களக் கூப்பிடாம நேரா கூப்பிட்டா, அதுக எப்படி வரும் அரசி? வீட்டுப் பெரியவர்னு ஒருத்தர் இல்லையா?"

அரசி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள். பத்தடி தூரம்தான், ஐந்து வருஷத்தை அதில் நடந்தாள். அண்ணன் முன்னால் வந்து நின்றதும், வழக்கமாக வாயில் தயாராக இருக்கிற நூற்றியெட்டு ரத்தமும் அன்றைக்கு வரவில்லை.

"அண்ணே" என்றாள். "கார்டை ஜீப்புல குடுத்து அனுப்புனது தப்பு. நான் வந்திருக்கணும்."

கத்தி நின்றது.

தனுஷ்கோடி கத்தியின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு சாணைக்கல்லிடம் சொல்வது போலச் சொன்னான். "ரெண்டு நாள் லீவு போட்டேன், உனக்குத் தெரியுமா? நீ எப்ப வருவியோன்னு குளிச்சு, வெள்ள வேட்டி கட்டி, இந்தா இதே எடத்துல உக்காந்திருந்தேன். உங்க மதினி ரெண்டு தடவை பாயாசம் வெச்சா. பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் ஜீப்புக்காரன் வந்து ஹாரன் அடிச்சான்."

அரசிக்கு இது தெரியாது. ஐந்து வருஷமாக அவள் மனசில் அண்ணன் ஒரு கார்டைத் திருப்பி அனுப்பிய கை மட்டும்தான். அந்தக் கைக்குப் பின்னால் குளித்துவிட்டுக் காத்திருந்த ஓர் ஆள் இருந்தான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் அழுதாள். மூக்கைச் சிந்தி, சத்தம் போட்டு, தாம்பாளத்தில் கற்கண்டு கரையக் கரைய அழுதாள். பால்ராஜ் குடையை அவள் தலைக்கு மேல் பிடிப்பதா, தாம்பாளத்துக்கு மேல் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப வந்திருக்கியே, இதுவும் பாசிக்கு வந்ததுதான்" என்றான் தனுஷ்கோடி.

"உனக்கும்தாண்ணே. கீர்த்தனாவுக்கு ஆவணி பன்னெண்டு."

"அப்ப எனக்கு வர்ற மாதிரி வா."

"எப்படி வரணும்?"

"ரோட்டு வளைவு வரைக்கும் திரும்பிப் போ" என்று எழுந்தான். "நான் குளிக்கணும்."

அரசி வாக்குவாதம் செய்யவில்லை. அதைப் பார்த்து பால்ராஜ் ஆச்சரியப்பட்டான். சுவரில் பாசி நடந்து ஏறியபோதுகூட அவன் அவ்வளவு ஆச்சரியப்படவில்லை. இருவரும் படியிறங்கி, தேயிலைச் சரிவை ஒட்டி நடந்து, வளைவில் இருக்கும் சில்வர் ஓக் மரத்தடியில் போய் நின்றார்கள். தனுஷ்கோடியின் வீட்டுக் கூரையிலிருந்து வெந்நீர்ப் புகை எழுந்தது. பாத்ரூமில் வாளிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெட்டி திறக்கிற சத்தம், மதினி ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம், அதட்டல், மறுபடி சிரிப்பு. அரசி முந்தானையில் முகத்தைத் துடைத்து, குங்குமத்தைச் சரிசெய்து, கரைந்த கற்கண்டைக் கீழே ஊற்றிவிட்டு வெற்றிலையை மறுபடி அடுக்கினாள். அந்த இருபது நிமிஷம் அவளுக்குப் பயமாக இருந்தது. முதல் முதலாக ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறவளுக்கு இருக்கிற பயம்.

பிறகு இருவரும் மறுபடி மேலே நடந்தார்கள். முற்றத்தில் சாணைக்கல் இல்லை, கத்தி இல்லை. தனுஷ்கோடி வெள்ளை வேட்டி கட்டி, நரைத்த தலையில் ஈரம் சொட்ட, நெற்றியில் திருநீறு பூசி, முக்காலியில் உட்கார்ந்திருந்தான். செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்து, அவளை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவன் போல, முகமெல்லாம் வியப்பாக எழுந்து நின்றான்.

"யாரு, அரசியா? என்னம்மா இவ்வளவு தூரம், மழையில?"

அரசி சொல்ல வேண்டியதை முழுசாகச் சொன்னாள். பெண்ணுக்குக் கல்யாணம், ஆவணி பன்னிரண்டு, முதல் பத்திரிகை உனக்குத்தான், குடும்பத்தோடு முன்னாடியே வந்து பெண்ணைக் கைபிடித்துக் கூட்டி வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சொல் விடாமல் சொன்னாள். உன் வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்பி வைக்க வேண்டும் என்று பாசியையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டாள். அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக் கேட்டு, இரண்டு கையையும் நீட்டித் தாம்பாளத்தை வாங்கினான்.

"வந்துர்றோம்மா" என்றான்.

பின்பக்கம் தண்ணீர் எடுக்கப் போன மதினி அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"தொட்டி காலி! அவங்க அப்பவே பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாங்க. நீங்க எல்லாரும் உள்ள வாங்க, பாயாசம் கொதிக்குது."